முதியோர் எண்ணிக்கை ஏறுது, ஷேர் விலை ஏன் ஏறல? ரைமன் ஹெல்த்கேர் சொல்லும் பாடம்

"இந்தத் துறைக்கு நல்ல எதிர்காலம் இருக்கு, அதனால இந்த ஷேரும் ஏறும்." புதுசா முதலீடு செய்யறவங்க அடிக்கடி சொல்ற காரணம் இது. இது எவ்வளவு தூரம் சரி? நியூசிலாந்தின் ரைமன் ஹெல்த்கேரை வைத்துப் பார்ப்போம். 1984-ல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி, 1999-ல் பங்குச்சந்தைக்கு வந்த ரிட்டயர்மென்ட் வில்லேஜ் கம்பெனி இது. (கீழே வரும் டாலர் எல்லாமே நியூசிலாந்து டாலர்.)

பணம் எப்படி வருது?

இங்கே வீடு விற்பனையும் இல்லை, மாத வாடகையும் இல்லை. முதியவர் ஒரு பெரிய தொகையைக் கட்டி, குடியிருக்கும் உரிமையை மட்டும் வாங்குறார். நம்ம ஊர் 'ஒத்தி' மாதிரி, ஆனா திரும்பும்போது முழுசா வராது. ஒரு உதாரணக் கணக்கு:

- உள்ளே வரும்போது கட்டுவது: 6 லட்சம்
- கம்பெனி பிடித்துக்கொள்ளும் கட்டணம் 25%: 1.5 லட்சம்
- திருப்பித் தருவது: 4.5 லட்சம்
- அடுத்தவருக்குக் கொடுக்கும் விலை: 8 லட்சம்
- கம்பெனி கையில் நிற்பது: 3.5 லட்சம்

அதே வீடு 5.5 லட்சத்துக்குத்தான் போச்சுன்னா? கையில் 1 லட்சம்தான். விலை 31% குறைஞ்சா, பணவரவு 71% குறையுது!

இன்னொரு சிக்கல்: வர்றவர் பெரும்பாலும் தன் சொந்த வீட்டை விற்றுத்தான் பணம் கட்டுவார். வீட்டுச் சந்தை படுத்தால், இவங்க விற்பனையும் படுக்கும். நியூசிலாந்தில் 2021 அக்டோபர் தொடக்கத்தில் 0.25% இருந்த அடிப்படை வட்டி, 2023 மே மாதம் 5.5% ஆனது. வீட்டு விலையும் இறங்கியது.

லாபம் வேற, பணம் வேற

2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரைமன் காட்டிய நிகர லாபம் சுமார் 69 கோடி டாலர். அதில் பெரும்பகுதி, சொத்துகளின் மதிப்பு ஏறியதாகப் போட்ட கணக்கு. அதைக் கழித்துக் கம்பெனியே காட்டிய 'அண்டர்லையிங்' லாபம் சுமார் 25.5 கோடி.

ஒரு வருஷம்கூட ஆகல. 2023 பிப்ரவரியில், கடனை அடைக்க, ஒரு ஷேர் 5 டாலர் என்று ரைட்ஸ் இஷ்யூ போட்டு 90 கோடி டாலர் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடியும் 100 கோடி, இந்த முறை ஒரு ஷேர் 3.05 டாலர். இரண்டே வருஷத்தில் வெளியீட்டு விலை 39% கீழே.

முதலீட்டாளர்கள் இரண்டு கட்சி

வாங்கலாம் என்பவர்கள் சொல்வது: 1946 முதல் பிறந்த பெரிய தலைமுறை 2026 முதல் 80 வயதைத் தொடுது. கடன் குறைஞ்சிருக்கு. ஷேர் விலை புத்தக மதிப்பைவிடக் குறைவு.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது: புத்தக மதிப்பே மதிப்பீட்டாளரின் அனுமானம்தான். அதைக் காசாக்க வீடுகள் விற்கணும்.

என் பார்வையில், முதல் கட்சி சொல்லும் தேவை உண்மை. ஆனா அந்தத் தேவை 2021-லும் இருந்தது. மாறியது வட்டியும் கடனும்தான். அதனால வீடுகள் மறுபடி எவ்வளவு வேகமா கைமாறுது என்பதுதான் இப்போ பார்க்க வேண்டிய எண்.

எந்த ஷேருக்கும் 3 கேள்வி

1. நிகர லாபத்தில் மதிப்பேற்றக் கணக்கு எவ்வளவு?
2. கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டில், கட்டுமானச் செலவு போக மிச்சம் இருக்கா, இல்லை கடன் ஏறுதா?
3. ஷேர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் கூடுதா? கூடினால், மொத்த லாபம் ஏறினாலும் உங்க பங்கு சுருங்கும்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு இது. ஆண்டறிக்கையைத் திறந்து அரை மணி நேரம் செலவு பண்ணுங்க, அப்புறம் வாங்குங்க.

(இது கல்வி நோக்கத்துக்கு மட்டுமே, ஷேர் பரிந்துரை அல்ல.)