சைக்கிள் செயின் வழுக்கினால் என்ன செய்வது?

மீள்குடியேறிய கிராமங்களில் ஒரு குடும்பத்தின் பாதி வேலையைச் சைக்கிள்தான் செய்கிறது. தண்ணீர்க் கான், விறகு, நெல் மூட்டை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கிளினிக்குக்குப் போகும் தாய் எல்லாம் அதன் கரியரில்தான். ஆகவே செயின் வழுக்குவதை "பழைய சைக்கிள்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பாரம் ஏற்றி, எழும்பி நின்று மிதிக்கும்போது செயின் ஒரு பல்லைத் தாண்டினால் கால் சட்டென்று கீழே போகும். நெஞ்சு ஹாண்டிலில் அடிபடும், அல்லது சைக்கிள் சாய்ந்துவிடும். ஏ9 வீதியில் லொறி உரசிக்கொண்டு போகும் நேரத்தில் அப்படிச் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

உங்களிடம் உள்ள சைக்கிள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததாக இருக்கலாம். ஒன்றின் சில்லு, இன்னொன்றின் செயின் என்று சேர்த்துப் பூட்டியதாகவும் இருக்கலாம். "செயின் வழுக்குது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும், பிழை வெவ்வேறு இடங்களில் இருக்கக்கூடும். எங்கே என்று பார்க்காமல் புதுச் செயின் வாங்கினால் காசு வீணாகலாம்.

பிழையைக் கண்டுபிடித்தல்

சைக்கிளைத் தலைகீழாக, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். சிறு பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சுற்றும் செயினுக்கும் பல்லுக்கும் இடையே விரல் அகப்பட்டால் நசிந்துவிடும்.

பின் ரயரை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் பெடலை ஓடும் திசையில் கையால் அழுத்தட்டும். சில்லு நிற்க, பெடலும் செயினும் மட்டும் சுற்றினால் பிழை செயினில் இல்லை. பின்சில்லில் உள்ள பிறீவீலுக்குள் சிறிய நாக்குகள் இருக்கின்றன. முன்னுக்கு மிதிக்கும்போது அவை வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். துரு அல்லது காய்ந்த கிறீஸ் காரணமாக அவை உள்ளேயே ஒட்டிக்கொண்டால் பிடிக்காது.

பிறீவீல் பிடிக்கிறது, ஆனால் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்று பெடல் ஆடுகிறது என்றால் பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னைப் பாருங்கள். அது தளர்ந்தாலும் செயின் வழுக்குவது போலவே காலுக்குத் தெரியும். நட்டை மட்டும் முறுக்குவதில் பலனில்லை. பின்னைச் சுத்தியலால் தட்டி இருத்திவிட்டுப் பிறகு நட்டை இறுக்குங்கள். தேய்ந்த பின் என்றால் மாற்றுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான பிழை.

பெடலை இரண்டு, இரண்டரைத் தடவை சுற்றும்போது ஒருமுறை மட்டும் செயின் துள்ளினால், ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் இருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றுங்கள். பிறீவீலைச் சுற்றி வரும்போது அந்தக் கண்ணி நிமிராமல் கூனிக்கொண்டு வரும். மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் செயினைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகும்.

செயின் தேய்ந்துவிட்டதா?

இதற்குப் பிள்ளையின் அடிமட்டம் போதும். செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவுக்கு அரை அங்குலம். அடிமட்டத்தின் 0ஐ ஒரு ஆணியின் நடுவில் வைத்து, அடுத்த ஆணியை ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். புதுச் செயினில் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டினால் பிறீவீலின் பல்லும் அநேகமாகத் தேய்ந்திருக்கும். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருக்கும். தேய்ந்த பல் சுறாவின் முதுகுச் செட்டை போல ஒரு பக்கம் வளைந்திருக்கும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். தேய்ந்த பிறீவீலில் புதுச் செயினைப் போட்டால் முதல் நாளே வழுக்கும். கடைக்காரர் கூடாத செயின் தந்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்; பழைய பல்லில் புதுக் கண்ணி இருப்பதில்லை. இரண்டும் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றும்வரை காசைச் சேர்த்து வையுங்கள். அதுவரை பாரம் ஏற்றாதீர்கள், எழும்பி நின்று மிதிக்காதீர்கள், ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கள். பிறீவீல் கழற்றத் தனிச் சாவி வேண்டும். ஆகவே அந்த வேலையைச் சைக்கிள் கடையில் கொடுப்பதே நல்லது.

பழைய பாகம் தேடுவோருக்கு ஒரு வார்த்தை. கைவிடப்பட்ட சைக்கிள்களும் இரும்புக் குவியல்களும் கிடக்கும் பற்றைகளுக்குள் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். மண்டையோட்டுச் சின்னம் இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். வெடிக்காத பொருட்கள் இரும்போடு இரும்பாகவே கிடக்கும். சந்தேகமான எதையும் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

செயினை இறுக்குதல்

செயின் அடிக்கடி கழன்று விழுந்தால் அது தொய்ந்திருக்கிறது. பின்சில்லின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சில்லைப் பின்னுக்கு இழுங்கள். செயினின் நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக ஏறத்தாழ அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் ஆக இறுகும் இடத்தில் இந்த அளவைப் பாருங்கள். அதைவிட இறுக்கினால் மிதிக்கக் கடினமாகும், உள்ளே உள்ள போல்ஸும் தேயும். ரயர் இரண்டு பக்கமும் சம இடைவெளியில் நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

சில்லு ஏற்கெனவே வெட்டின் கடைசியில் நின்றால், செயினில் ஒரு அங்குலத் துண்டைக் கழற்ற வேண்டும். கிளிப்பைத் திரும்பப் பூட்டும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் கிளிப் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும்.

பிறீவீல் நாக்கு ஒட்டியிருந்தால், சில்லைக் கழற்றிப் பிறீவீல் மேலே இருக்கப் படுக்க வையுங்கள். சுற்றும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையிலுள்ள வெடிப்பில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முன்னும் பின்னும் சுற்றுங்கள். "டிக் டிக்" சத்தம் தெளிவாகத் திரும்பியதும் தையல் மெசின் எண்ணெய் சில துளி விடுங்கள். கிறீஸ் பூசாதீர்கள், நாக்கு மறுபடியும் ஒட்டும். சத்தம் வராவிட்டால் பிறீவீலை மாற்ற வேண்டியதுதான்.

செயினைப் பழைய பல் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவி, காய்ந்த பின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடையுங்கள். மணல் வீதிகளில் மிஞ்சிய எண்ணெய் மணலைப் பிடித்து அரம் போலச் செயினைத் தேய்க்கும். தேங்காயெண்ணெய் சில நாள் சத்தத்தை அடக்கும், பிறகு தூசியோடு பசையாகிவிடும். மாரி காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.

ஓட முன்னர் பிரேக்கைப் பாருங்கள். பின்சில்லு பின்னுக்குப் போனதால் பிரேக் கட்டை றிம்மில் சரியாகப் படாமல் போகலாம். அதையும் சரிசெய்து, முதலில் பாரமில்லாமல் வளவுக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்த பின்பே பிள்ளையை ஏற்றுங்கள்.