காற்றுமானி சொல்வது கணினிக்குக் கேட்கிறதா?

பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்கு அனுமதி கிடையாது. 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன பகுதி இது. காற்றுமானி காட்டும் எண் இங்கே சும்மா ஒரு எண் இல்லீங்க.

காற்றுமானி, எடைமேடை, சோலார் இன்வெர்ட்டர் போன்ற கருவிகள் பலவற்றில் சீரியல் போர்ட்தான் இருக்கும். ஆர்எஸ்-232 கேபிள் சுமார் 15 மீட்டர் வரை தாங்கும். ஆர்எஸ்-485 என்றால் 1,200 மீட்டர் வரை போகும். அதற்கும் அப்பால் உள்ள கணினிக்கு எண் வர வேண்டுமா? கருவிக்குப் பக்கத்தில் ஒரு சீரியல்–ஈதர்நெட் கன்வர்ட்டர் வைக்கலாம். சீரியலில் வருவதை வாங்கி நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். ஈதர்நெட் காப்பர் கேபிள் 100 மீட்டர்தான். ஃபைபர் சேர்த்தால் கிலோமீட்டர் கணக்கில் போகலாம்.

கருவியில் உள்ள பாட் ரேட் (உதாரணம் 9600), பாரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றும் கன்வர்ட்டரிலும் அப்படியே இருக்கணும். இல்லேன்னா திரையில் கிறுக்கல்தான் வரும். மாறாத ஐபி முகவரி கொடுங்க, கம்பெனி பாஸ்வேர்டை உடனே மாத்துங்க. நம்ம கடற்கரை உப்புக்காத்துக்கு இறுக மூடிய பெட்டி அவசியம்.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. பிங் செய்தால் பதில் சொல்வது கன்வர்ட்டர்தான்; காற்றுமானி செத்துக் கிடந்தாலும் அது பதில் சொல்லும். திரையில் பழைய எண்ணே நிற்கும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த நேரம் தெரியணும். புது எண் வராவிட்டால் ‘தகவல் இல்லை’ என்று வரணும், பூஜ்யம் வரக்கூடாது. பொருத்தி முடிச்சதும் சீரியல் வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்க. எண் அப்படியே நின்னா, வேலை இன்னும் முடியலை.