காட்சிக்கு ஏற்ற கருவி

உரைநடை உலகம்

நுழையும்முன்

விலை கொடுத்து வாங்கும் பொருள் எதுவாயினும் அதன் சிறப்புகளையே முதலில் கேட்டறிகிறோம். அதனால் எது இயலாது என்று கேட்பவர் சிலரே. பெரிதும் மாறுபட்ட இருவகை எண்ணிம ஒளிப்படக் கருவிகளை முன்வைத்து, ஒப்பிட்டுத் தெளியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு தொகை, இரு விருப்பங்கள்

தென்சென்னைப் பள்ளி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அப்பள்ளியின் மாணவர் மன்றம் ஓராண்டாகச் சேர்த்த தொகை, ஓர் ஒளிப்படக் கருவி வாங்க மட்டுமே போதுமானது. மன்றத்திலோ இரு விருப்பங்கள் எழுகின்றன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் திருக்குளத்தில் தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் நிகழும் தெப்பத்திருவிழாவைப் படமாக்க வேண்டும் என்கின்றனர் ஒரு பிரிவினர். விளக்கொளியில் மிதந்துவரும் தெப்பமும், குளத்துப் படிகளில் அமர்ந்திருக்கும் மக்களின் முகங்களும் அவர்கள் விரும்பும் காட்சிகள். அடையாற்றின் கழிமுகத்திற்கு வரும் பறவைகளைத் திங்கள்தோறும் படமெடுத்துப் பதிவேடு ஒன்று உருவாக்க வேண்டும் என்கின்றனர் மற்றொரு பிரிவினர்.

இரண்டும் நல்ல நோக்கங்களே. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவும் சில கிலோமீட்டர்தான். ஆயினும், ஒரு கருவியிடம் அவ்விரு காட்சிகளும் கேட்பவை முற்றிலும் வேறானவை. தெப்பக்குளத்தில் ஒளி குறைவு. கழிமுகத்தில் தொலைவு மிகுதி.

இருவகைக் கருவிகள்

டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் கருவி முதல் வகை. இதில் வில்லையைக் கழற்றி வேறு வில்லை பொருத்தலாம். உள்ளிருக்கும் ஆடி, வில்லைவழி வரும் காட்சியைக் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும் நொடியில் மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். ஆடி இல்லாமலேயே இயங்கும் புதிய கருவிகள் இன்று இவ்வகையில் பெருகியுள்ளன. ஆடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். கருவிக்கு எடுத்துக்காட்டாக, 2018இல் வெளிவந்த கேனான் இஓஎஸ் 1500டி என்னும் கருவியைக் கொள்ளலாம்.

வில்லையைக் கழற்ற இயலாத நெடுநோக்குக் கருவி இரண்டாம் வகை. ஒரே வில்லை, அகன்ற காட்சியையும் காட்டும். மிகத் தொலைவில் உள்ளதையும் அருகில் கொணரும். 2015இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 இவ்வகையைச் சார்ந்தது. இதன் ஒளியியல் உருப்பெருக்கம் 83 மடங்கு.

தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத ஒளியுணரியில் இருக்கிறது.

மழையில் வைத்த கலங்கள்

முற்றத்தில் மழை பெய்யும்போது அகன்ற வாயுடைய அண்டாவையும் குறுகிய வாயுடைய செம்பையும் அருகருகே வைத்தால், ஒரே நேரத்தில் எதில் மிகுதியான நீர் சேரும்? அண்டாவில்தான். ஒளியுணரி அத்தகைய கலமே. அது சேர்ப்பது ஒளி.

முதல் வகைக் கருவியின் ஒளியுணரி 22.3 மி.மீ. நீளமும் 14.9 மி.மீ. அகலமும் உடையது, பரப்பு ஏறத்தாழ 332 சதுர மி.மீ. இரண்டாம் வகையின் ஒளியுணரி ஏறத்தாழ 28 சதுர மி.மீ. பரப்பே உடையது. பிற கூறுகள் ஒத்திருக்குமாயின், முன்னது பின்னதைவிடச் சுமார் 12 மடங்கு ஒளியைப் பெறும்.

நண்பகலில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பெருமழையில் செம்பும் நிறைந்துவிடும் அன்றோ? அந்தி சாய்ந்த பின்னரே உண்மை விளங்கும். சிறிய ஒளியுணரி தான் பெற்ற சிறிதளவு ஒளியை மின்முறையில் பெருக்கிக் காட்டும்போது, படத்தின்மேல் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். இதனை 'இரைச்சல்' என்பர். தெப்பத்தைச் சுற்றியுள்ள இருளில் முகங்கள் மங்கிப்போவது இதனால்தான்.

தொலைவின் கணக்கு

இனி, கழிமுகத்திற்குச் செல்வோம். 50 மீட்டருக்கு அப்பால் சேற்றில் இரைதேடும் நெடுங்கால் உள்ளானைப் படமெடுக்க வேண்டும் என்க. நெருங்கிச் செல்லச் சேறு இடந்தராது. நெருங்கினாலும் பறவை பறந்துவிடும். தொலைவில் நின்று எடுப்பதே பறவைக்கும் நமக்கும் நன்று.

முதல் வகைக் கருவியுடன் வழக்கமாகத் தரப்படும் வில்லையின் பெரும அளவு 55 மி.மீ. குவியத்தொலைவு. அதன்வழிப் பார்த்தால், அவ்விடத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள காட்சி முழுவதும் படத்தினுள் அடங்கும். ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள பறவை, படத்தின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நெடுநோக்குக் கருவியை முழுமையாக நீட்டிப் பார்த்தாலோ, படத்தில் அடங்கும் அகலம் 90 செ.மீ. மட்டுமே. பறவை, படத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதியை நிரப்பும். அலகும் கண்ணும் தெளியும்.

முதல் வகைக்கும் நெடுந்தொலைவு வில்லைகள் உண்டு. ஆயின், அவற்றுள் பெரியவற்றின் விலை இலட்சங்களைத் தாண்டும், எடையும் மிகுதி. பெரிய ஒளியுணரிக்குப் பெரிய வில்லை தேவை என்பது இயற்பியலின் நியதி. நெடுநோக்குக் கருவி கையடக்கமாக அமைந்ததற்குக் காரணம் அதன் ஒளியுணரி சிறிதாக இருப்பதே. கழிமுகத்தில் அதற்கு வலிமை தருவதும், தெப்பக்குளத்தில் அதற்குக் குறையாவதும் அதே சிறுமைதான்.

எண்ணிக்கை மயக்கம்

விளம்பரங்களில் பெரிதாக எழுதப்படுவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. முதல் கருவி 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைத் தரும். இரண்டாவது 1 கோடியே 60 இலட்சம். இவ்வெண்களை மட்டும் கண்டு முடிவெடுத்தல் பிழையாகும். ஏ4 அளவுத் தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட, ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகளே போதும். பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டுமே மிகுதி. மேலும், முதல் கருவியின் படத்தில் பறவையின் நீளத்திற்குக் கிடைப்பவை 120 புள்ளிகளுக்கும் குறைவே. இரண்டாவதில் 2,000 புள்ளிகள் கிடைக்கும். மொத்தப் புள்ளிகளில் குறைந்த கருவி, நாம் காண விரும்பும் பொருளுக்கு மிகுதியான புள்ளிகளை அளிக்கிறது.

'எண்ணிம உருப்பெருக்கம்' என்னும் சொல்லிலும் விழிப்பு வேண்டும். ஒளியியல் உருப்பெருக்கம் வில்லையின் பணி. எண்ணிம உருப்பெருக்கமோ எடுத்த படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதனால் புதிய நுட்பம் எதுவும் படத்தில் சேர்வதில்லை.

தெரிந்து தெளிவோம்

முதல் எண்ணிம ஒளிப்படக் கருவியை 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி, 10,000 படப்புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது.

மயிலாப்பூர் தந்த முன்னோடி

கருவியைத் தேவைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதில் நமக்கு வழிகாட்டியாக விளங்குபவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர், மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்தார். தி ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 46 ஆண்டுகள் இயற்கை குறித்துத் தொடர்ந்து எழுதினார். காட்டுயிர்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த கருவியைப் பயன்படுத்தினார். அவர் முதலில் தெளிந்தது காட்சியை. கருவி அதன்பின் வந்தது. அவர் வாழ்ந்தது எண்ணிமக் காலத்திற்கு முன்னர் எனினும், அவ்வரிசைமுறை இன்றும் மாறவில்லை.

குறையை எடைபோடுதல்

திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து செயல்வகை', ஒரு செயலைத் தொடங்குமுன் மூன்றனை ஆராயச் சொல்கிறது: நேரும் இழப்பு, கிட்டும் ஆக்கம், பின்னர் விளையும் பயன். அவற்றுள் இழப்பே முதலில் வைக்கப்பட்டிருத்தல் எண்ணத்தக்கது. மன்றத்தினரும் அவ்வாறே தொடங்கலாம். எந்தக் குறையை உழைப்பாலும் பொறுமையாலும் ஈடுசெய்ய இயலும்? எதை இயலாது?

நெடுநோக்குக் கருவியின் குறை ஒளிக்குறைவு. முக்காலியில் நிறுத்தி, நீண்ட நேரம் ஒளியை உள்வாங்கச் செய்தால் குளத்தையும் கோபுரத்தையும் தெளிவாக எடுக்கலாம். அசையும் தெப்பமும் மனித முகங்களும் கலங்கும் என்பதும் உண்மையே. அவற்றை ஓரளவு எடுக்கக் கைப்பேசி உதவும். பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஆற்றல் இன்றைய கைப்பேசிகள் பலவற்றுக்கு உண்டு. முதல் வகைக் கருவியின் குறையாகிய தொலைவை, மன்றத்தின் தொகைக்குள் ஈடுசெய்ய வழியில்லை. தெப்பம் ஆண்டில் மூன்று மாலைகள். பறவைப் பதிவேடு பன்னிரு திங்கள் பணி. எனவே, இம்மன்றத்திற்கு நெடுநோக்குக் கருவியே ஏற்றது.

இம்முடிவு எல்லார்க்கும் உரியதன்று. பள்ளி அரங்க நிகழ்ச்சிகளையும் மாலை நேரத் திருவிழாக்களையும் ஆண்டு முழுவதும் பதிவுசெய்ய விரும்பும் மன்றம் முதல் வகையைத் தெரிவதே முறை. பின்னாளில் தொகை சேரும்போது வேறு வில்லைகளும் வாங்கலாம்.

முடிவெடுத்த பின்னரும் ஒரு கடமை உண்டு. தியாகராய நகர் போன்ற கடைவீதிகளில் கருவியைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். கடையின் ஒளிமிகுந்த விளக்கின்கீழ் எல்லாக் கருவியும் நன்றாகவே படமெடுக்கும். ஆதலால் இருண்ட மூலையை ஒருமுறை, தெருவின் மறுகோடியில் உள்ள பெயர்ப்பலகையை ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். நினைவட்டை, மின்கலம், முக்காலி, பை ஆகியவற்றையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். உத்தரவாதச் சான்றும் விலைச்சீட்டும் பெற மறத்தல் ஆகாது.

தெப்பத்து முகங்களை விரும்பியவர்கள் இம்முடிவால் ஒன்றை இழக்கின்றனர். அவ்விழப்பை மறைக்காமல் சொல்லி, அவர்களது இசைவைப் பெற்று வாங்குவதே நேர்மையான ஒப்பீடு. குறையே இல்லாத கருவி எந்தக் கடையிலும் இல்லை. எந்தக் குறையோடு நம் பணியைச் செவ்வனே செய்ய முடியும் என்று அறிந்து வாங்குபவர், வாங்கிய பின் வருந்துவதில்லை.

சொல்லும் பொருளும்

ஒளியுணரி – ஒளியை மின்குறிப்பாக மாற்றும் பகுதி
படப்புள்ளி – எண்ணிமப் படத்தின் மிகச்சிறு அலகு
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
முக்காலி – கருவியை அசையாமல் நிறுத்தும் மூன்று கால் தாங்கி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் படமெடுக்க விரும்பும் இரு காட்சிகளைத் தெரிவுசெய்து, அவை ஒவ்வொன்றும் கருவியிடம் வேண்டுவன யாவை எனப் பட்டியலிடுக.
2. மிதிவண்டி, கைப்பேசி ஆகியவற்றுள் ஒன்றன் இரு வகைகளை, அவற்றின் குறைகளை முதன்மைப்படுத்தி ஒப்பிட்டு வகுப்பில் உரையாற்றுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக
அந்தி நேரப் படங்களில் இரைச்சல் மிகுவதற்குக் காரணம்
அ) வில்லையின் எடை ஆ) ஒளியுணரியின் சிறிய பரப்பு இ) படப்புள்ளிகளின் குறைவு ஈ) முக்காலியின் அசைவு

குறுவினா
ஒளியியல் உருப்பெருக்கம், எண்ணிம உருப்பெருக்கம் – வேறுபடுத்துக.

சிறுவினா
மழையில் வைத்த கலங்கள் என்னும் உவமையின் பொருத்தத்தை விளக்குக.

நெடுவினா
மன்றத்தின் முடிவை ஏற்கிறீர்களா? தெப்பத்திருவிழாவைப் படமெடுக்க விரும்பியவர்களின் நிலையில் நின்று உங்கள் வாதத்தைத் தொகுத்து எழுதுக.