குழந்தைப் பேச்சில் இலக்கண வளர்ச்சி: ஆசிரியர் தகுதித் தேர்வு தாள் 1-க்கான முக்கியக் குறிப்புகள்

திருவொற்றியூரில் மாலை நேரத்தில் தாள் 1 எழுதுபவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண். மொழி வளர்ச்சி என்றதும் எல்லோரும் ஸ்கின்னர் (1957), சாம்ஸ்கி, வைகாட்ஸ்கி என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையின் பேச்சை எப்படி அளப்பது என்ற பகுதி படிக்காமலே கிடக்கிறது. நாளை ஆசிரியரானபின் வகுப்பில் தினமும் கைகொடுக்கப் போவது அதுதான்.

• ரோஜர் பிரவுன், ஹார்வர்டு பல்கலைக்கழகம். நூல்: ‘எ ஃபர்ஸ்ட் லாங்குவேஜ்’ (1973). ஆடம், ஈவ், சாரா என்ற பெயர்களில் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்தார்.

• அவர் பரவலாக்கிய அளவை: சராசரிக் கூற்று நீளம். 100 கூற்றுகளை எடுத்து, அவற்றிலுள்ள மொத்த உருபன்களை, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளை, கூற்றுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 100 கூற்றில் 225 உருபன் என்றால் 2.25, இது இரண்டாம் நிலை. மொத்தம் ஐந்து நிலைகள். சராசரி 4-ஐத் தாண்டிய பிறகு இந்த அளவை அதிகம் உதவாது.

• எண்ண வேண்டியது சொல்லை அல்ல, உருபனை. பலர் தவறவிடும் இடம் இது. ‘சாப்டியா?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அது ஒரே சொல். அதற்குள் வினை, இறந்தகாலம், ‘நீ’ என்னும் முன்னிலை, வினா என நான்கு இருக்கின்றன. சொல்லை எண்ணினால் 1, உருபனை எண்ணினால் 4. ஒட்டுநிலை மொழியான தமிழில் இந்த வித்தியாசம் பெரிது.

• பிள்ளைகள் அடுத்தடுத்துக் கற்பதாகப் பிரவுன் காட்டிய 14 உருபன்களின் வரிசை ஆங்கிலத்துக்கு உரியது. தமிழ்ப் பிள்ளையிடம் கவனிக்க வேண்டியவை வேறு: வேற்றுமை உருபு (வூட்டுக்கு, போட்டுல), காலம், இடம்-பால் விகுதி, எதிர்மறை (இல்ல, வேணா, மாட்டேன்), எச்சங்கள். ‘அப்பா புடிச்ச மீனு’ என்று சொல்லும் பிள்ளை ஒரு வாக்கியத்தையே இன்னொன்றுக்குள் அடைத்துவிட்டது. மூன்றே சொல்தானே என்று தள்ளிவிடாதீர்கள்.

• ஜீன் பெர்கோ, ‘வக்’ சோதனை, 1958. இல்லாத ஒரு பிராணிக்குப் பெயர் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். கேட்டிராத சொல்லுக்கும் பன்மை சேர்த்தால், பிள்ளை மனப்பாடமாகப் பேசவில்லை, விதியைப் பிடித்திருக்கிறது என்று பொருள். இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். பேச்சுத் தமிழில் ‘ரெண்டு மீனு’ என்பதே சரி. ‘இரண்டு மீன்கள்’ என்று காசிமேட்டில் யாரும் ஏலம் கூவுவதில்லை. ‘டோமு’ என்று ஒரு சொல்லை உருவாக்கி, பந்து அதன்மேல், அதற்கு என்றெல்லாம் பேசவைத்துப் பாருங்கள். ‘டோமுமேல’, ‘டோமுக்கு’ என்று வந்தால் வேற்றுமை விதி கைவந்துவிட்டது.

• ‘லார்ஸ்ப்’ (1976): டேவிட் கிரிஸ்டல், பால் பிளெட்சர், மைக்கேல் கார்மன். பிள்ளையின் வாக்கிய அமைப்பைப் படிநிலையாகக் குறிக்கும் அட்டவணை இது. மூவரில் கார்மன் தமிழ்க் குழந்தைகளின் வாக்கிய அமைப்பையும் ஆராய்ந்தவர்.

• தமிழ்ச் சான்றுகள். டிஃப்ராக் கணினியை உருவாக்கிய ஆர். நரசிம்மன், ஆர். வைத்தியநாதனோடு சேர்ந்து ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சைப் பதிவு செய்தார். 1984-இல் தொடங்கிய ‘சைல்ட்ஸ்’ என்னும் குழந்தைப் பேச்சுத் தரவகத்தில் அது இருக்கிறது. குழந்தைகளின் வினா, எதிர்மறை பற்றி வைத்தியநாதன் எழுதினார். ராகவேந்திராவும் லெனார்டும் தமிழ் வினை விகுதிகளை 1989-இல் ஆராய்ந்தார்கள்.

• இரட்டை வழக்கு (எழுத்து நடையும் பேச்சு நடையும் தனித்தனியாக நிற்பது): சார்லஸ் ஃபெர்குசன், 1959. அவர் விரிவாக எடுத்தவை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டி கிரியோல். தமிழும் இந்த வகையே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காசிமேட்டில் ஓர் அங்கன்வாடி வாசலில் நாலு வயதுப் பையன் ஒருவன் சொன்னான்: “நைனா வலைய இஸ்துக்கினு வந்துகீறாரு.” என்னோடு வந்த பயிற்சி மாணவி குறிப்பேட்டில் ‘தவறான வாக்கியம்’ என்று எழுதினார். அவரை உட்காரவைத்துப் பிரித்துக் காட்டினேன். ‘வலைய’: இரண்டாம் வேற்றுமை. ‘இஸ்துக்கினு’: இழுத்தபடி என்று பொருள்தரும் வினையெச்சம். ‘வந்துகீறாரு’: வந்திருக்கிறார், அப்பனுக்கு உரிய மரியாதை விகுதியோடு. எழுவாய், செயப்படுபொருள், எச்சம், முற்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நாலு வயதுக்கு இது முழுமையான வாக்கியம். அதே வயதில் ஒரு பிள்ளை ‘நைனா... வலை... வா’ என்பதைத் தாண்டவில்லை என்றால்தான் நாம் கவலைப்பட வேண்டும். இந்த வட்டாரப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவருக்கு இந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகவே தெரிவார்கள். உதவி தேவைப்படும் பிள்ளை அங்கேதான் நம் கையைவிட்டு நழுவுகிறது.

• ஒப்பிட வேண்டியது பிள்ளையின் வீட்டுப் பேச்சோடு. பாடநூல் நடையோடு அல்ல. எண்ணூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளை வந்தால் இரண்டு மொழியிலும் கேளுங்கள். ஒன்றில் தடுமாறி இன்னொன்றில் சரளமாக இருந்தால் அது குறைபாடு ஆகாது.

• பேச்சு மாதிரி எடுக்கும் முறை: விளையாட்டு நேரத்தில் பதிவு செய்யுங்கள். ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒற்றைச் சொல்தான் வரும். ‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

• சட்டம்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29(2)(எஃப்): இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016: 21 வகைக் குறைபாடுகள்; பேச்சு, மொழிக் குறைபாடு அவற்றில் ஒன்று.

• ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் (2013): பிறப்பு முதல் 18 வயது வரை, வளர்ச்சித் தாமதமும் இதன் பரிசோதனையில் அடங்கும். இரண்டு வயதாகியும் ‘பால் வேணா’, ‘அம்மா வா’ போல இரு சொல் சேரவில்லை என்றால், இலக்கணத்தை எண்ணும் முன் காது கேட்கிறதா என்று பார்க்க அனுப்புங்கள்.