கேரவனின் சாளரம்

இங்கிலாந்து மக்களுள் பலர் விடுமுறைக் காலத்தில் கேரவன் என்னும் வீட்டு வண்டியைத் தம் காரின் பின்னே பூட்டி ஊர்தோறும் செல்வர். கார் இழுத்துச் செல்வதற்கு ஏற்ப அவ்வண்டி எடை குறைந்திருத்தல் வேண்டும். ஆகவே, அதன் சாளரங்களைக் கண்ணாடியில் ஏறக்குறையப் பாதி எடையே உள்ள அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கினால் அமைக்கின்றனர்.

அக்ரிலிக் எளிதில் கீறல் படும். நாளடைவில் விரிசலும் காணும். சாளரத்தின் வழியே மழைநீர் கசிந்து சுவரினுள் இறங்கினால், அங்குள்ள மரச்சட்டங்கள் மெல்ல உளுத்துப்போகும். புறத்தே வண்டி புதியது போலவே தோன்றும்.

பழுதுற்ற சாளரத்தை மாற்றுதல் அரிய செயலன்று. பெரும்பாலான சாளரங்கள் மேற்புறத்தே ஓர் அலுமினியச் சட்டத்தில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். தாங்குகோல்களைக் கழற்றி, சட்டத்தின் முனையிலுள்ள தடையை நீக்கி, இருவர் சேர்ந்து பக்கவாட்டில் நகர்த்தினால் சாளரம் வெளிவரும். அதே அளவுள்ள புதியதை அவ்வழியே செலுத்த வேண்டும்.

அதற்குமுன், சுற்றிலுமுள்ள ரப்பர் பட்டையை ஆராய்தல் இன்றியமையாதது. அது காய்ந்து சுருங்கியிருப்பின், புதிய சாளரமும் நீரைத் தடுக்காது. பொருத்திய பின்னர், வெளியே நீரைத் தெளித்து, உள்ளே ஈரம் காண்கிறதா எனப் பார்த்தல் நன்று. உடைந்ததை மாற்றுவதோடு நில்லாமல், நீர் புகும் வழியையும் அடைத்தாலன்றி வேலை நிறைவுறாது.