“கம்பெனி எப்படி சார்?”

ஆய்வு, ஆலோசனை நிறுவனங்களிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. வருடா வருடம் ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். லேப்டாப் கைக்கு வருவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்: “கம்பெனி எப்படி சார்?” ஊராரிடம் அபிப்பிராயம் கேட்டுப் பிழைக்கிற தொழிலுக்கு வந்தவர்கள், சொந்த விஷயத்தில் மட்டும் டீக்கடையில் காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. முதலில், கேள்வியே தப்பு. “கம்பெனி எப்படி?” என்று ஒரு கேள்வித்தாளில் எழுதிக் கொண்டுபோனால் உங்கள் மேனேஜர் அடித்துத் திருப்பிவிடுவார். சம்பளத்தைக் கேட்கிறீர்களா, வேலையையா, மேலே இருக்கும் ஆளையா? உடைத்துக் கேளுங்கள். போன மாதம் எத்தனை சனிக்கிழமை ஆபீசுக்கு வந்தீர்கள்? அப்ரைசல் கடிதம் எந்த மாதம் கைக்குக் கிடைத்தது? நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டைக் கிளையன்ட் முன்னால் பேசியது யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

2. கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் மதுரைத் தெருக்களில் டூத்பேஸ்ட் சர்வே எடுத்திருக்கிறேன். வலதுகைப் பக்கமாகவே போக வேண்டும், இத்தனை வீடு விட்டு ஒரு வீடு என்று கணக்கு. கதவைத் திறப்பவர் பெரும்பாலும் ரிட்டயர் ஆன மாமனார். பதில்கள் அச்சிட்ட ஷோகார்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நாட்டு நடப்பெல்லாம் பேசுவார், மோர்கூடக் கொடுப்பார். ஆனால் எங்கள் தாளில் இருந்த கட்டமோ ‘மூன்றாவது ஆளைக் கேள்’ என்று சொல்லும். அந்த மூன்றாவது ஆள் அடுப்படியில் இருக்கும் மருமகள். அவரை வாசலுக்கு வரவழைக்க அரைமணி நேரம் ஆகும், பெரியவரின் முறைப்பு தனி. லெஸ்லி கிஷ் என்பவர் 1949-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அந்தக் கட்டம். கிஷ் கட்டம் என்றுதான் ஃபீல்டில் பெயர். வீட்டில் யார் சும்மா இருக்கிறாரோ, யாருக்குப் பேச ஆசையோ, அவர் பேச்சே ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு.

ஆபீசிலும் கதவைத் திறப்பவர்கள் உண்டு. நேற்று ராஜினாமாப் பேப்பர் போட்டவர் ஒருவர், போன வாரம் ப்ரமோஷன் வாங்கியவர் இன்னொருவர். இரண்டு பேரும் தேடி வந்து பேசுவார்கள். ஜன்னலோரம் தலை நிமிராமல் டேபிள் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நாலு வருட ஆள்தான் உங்கள் மருமகள். அவரிடம் போங்கள்.

3. ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைச் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பி.எஃப்-இல் கம்பெனி போடும் பங்கு, கிராச்சுட்டி, வேரியபிள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஒரு இடத்தில் நான் மூன்று வருடம் இருந்தேன். வேரியபிளை லெட்டரில் பார்த்ததோடு சரி.

4. குறை சொல்கிறவர் வேலையை வெறுக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 இன்ஜினீயர்களிடமும் கணக்கர்களிடமும் மனசு நிறைந்த சமயம் எது, நொந்த சமயம் எது என்று கேட்டார்கள். நொந்த கதைகளில் கம்பெனி விதிமுறையும் மேலதிகாரியும் அதிகம் வந்தன. நிறைந்த கதைகளில் சாதித்தது, பாராட்டு, வேலையின் ருசி. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் கம்பெனி என்றுதானே மனுஷன் சொல்வான் என்று பிற்பாடு மறுத்தவர்களும் உண்டு. அது நியாயமான மறுப்பு. ஆனாலும் எங்கள் டீமில் ஒரு பெண் கேண்டீன் சாம்பார், ராத்திரி கேப், டைம்ஷீட் என்று இருபது நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டு, தன் ஆய்வுக்கு வந்தாள்; பண்ருட்டி முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்து இறங்குவதைச் சொல்ல ஆரம்பித்தாள். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை.

5. டீம் எது என்று தெரியாமல் எந்த அபிப்பிராயத்தையும் மனதில் எழுதிக்கொள்ளாதீர்கள். மாடிக்கு மாடி கம்பெனி வேறு.

6. ‘பெயர் வேண்டாம்’ என்று கம்பெனியே ஒரு சர்வே அனுப்பும். டீமில் ஐந்தே பேர். வயது, பாலினம், சேர்ந்த வருடம் மூன்றையும் கேட்டால் அப்புறம் பெயர் எதற்கு? இதே வேலையை மற்ற கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிறவர்கள் நாம், நமக்குத் தெரியாதா? இருந்தாலும் நிரப்புங்கள். முக்கியமாகக் கடைசியில் வரும் காலிப் பெட்டியை. சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1928-இலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தயாராக வைத்திருந்த கேள்விகளை விட்டு ஆட்கள் வேறெங்கோ போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கேள்விகளை மூடி வைத்துவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேசவிட்டார்கள். நீங்களும் பெட்டியில் நடந்ததை எழுதுங்கள், தேதியோடு. “ஒன்றுமில்லை” என்று போட்டால் அதற்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. டேபிளின் கடைசி வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

7. நாளைக்கு உங்களை ஒருவர் கேட்பார். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், எந்த டீம், பேப்பர் போட்டாயிற்றா இல்லையா, இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். போன வாரம் லிஃப்டில் ஒரு பையன் என்னிடம் கேட்டான். நாலாவது மாடியிலிருந்து கீழே வருவதற்குள் மூன்றையும் சொல்லி முடித்தேன். கதவு திறந்ததும், “அப்போ எப்படி சார்?” என்றான். நாளை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.