ஸீஸா கோட்டையில் ஒரு கல்

நமது பலெர்மோ நகரிலுள்ள ஸீஸா கோட்டை, 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் மன்னர்கள் கட்டுவித்த கோடைகால அரண்மனையாகும். அங்குள்ள அருங்காட்சியகத்தில், 1149ஆம் ஆண்டில் மகனொருவர் தம் தாய் அன்னாவுக்கு எழுப்பிய நினைவுக்கல்லைக் காண்கின்றோம். இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மொழிகளும், எபிரேய எழுத்தில் வரையப்பட்ட அரபும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. எனினும், அன்றைய அரபும் கிரேக்கமும் காலப்போக்கில் இந்நகரில் வழக்கொழிந்தன, கல்லே எஞ்சியது.

இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டிற்குரிய கல்வெட்டிலும் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் உள்ளன. அவற்றுள் தமிழ் அந்நாட்டு மக்களின் நாவில் இன்றும் வாழ்கின்றது.

கல் மொழியைக் காட்டும், காப்பது நாவே. ஆதலால் பெற்றோர்களே, விடுமுறையிற் பிள்ளைகளை ஸீஸாவுக்கு அழைத்துச் சென்று, அக்கல்லின் கதையைத் தமிழிலேயே கூறுவோமாக!